ஓடும்போது எந்தப் பாட்டு? டர்பன் தமிழ் ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் காலையில் ஓடும் எங்கள் கூட்டத்தில் இந்த ஊரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து தங்கியவர்களும் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் ஷூவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பாட்டைப் பற்றி மூன்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாட்டு கேட்டால் நிஜமாகவே நன்றாக ஓட முடியுமா, இல்லை மனப்பிரமையா?

முடியும். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் காரகியோர்கிஸ் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவரும் மற்றவர்களும் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், பாட்டு மூன்று வேலை செய்கிறது. களைப்பின் மேல் இருக்கும் கவனத்தைத் திருப்புகிறது, மனசைத் தெம்பாக வைக்கிறது, காலடியைத் தாளத்தோடு கட்டிப் போடுகிறது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்திலும் அதற்குச் சற்று மேலேயும்தான் பாட்டு களைப்பைக் குறைத்துக் காட்டும். மூச்சு இரைக்க இரைக்க ஓடும்போது உடம்பு போடும் சத்தத்தை எந்தப் பாட்டாலும் மறைக்க முடியாது. அப்போதும் மனசுக்குக் கொஞ்சம் துணையாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே கடைசி 400 மீட்டருக்காகப் பாட்டு தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதற்கு முன்னால் வரும் நீண்ட, அலுப்பான நடுப்பகுதிக்குத் தேடுங்கள்.

தாளத்தோடு கால் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசிலாசியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1998-இல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் அவர் 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, அவருக்குப் பிடித்த வேகமான பாட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். அதன் பீட்டில் காலை வைத்தே அவர் ஓடினார்.

எத்தனை பீட் உள்ள பாட்டு வேண்டும்?

இரண்டு விதமாகப் பார்க்கலாம். பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் போதும், காலை அதோடு சேர்க்க வேண்டாம் என்றால், நிமிடத்துக்கு 120 முதல் 140 பீட் வரை உள்ளது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 140-ஐத் தாண்டினால் பாட்டு வேகமாகிறதே தவிர, பலன் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

காலடியையும் பீட்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் கணக்கு வேறு. நம்மில் பெரும்பாலோர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடுகிறோம். அதற்கு 160 முதல் 180 பீட் உள்ள பாட்டு வேண்டும். இல்லையென்றால் சரிபாதி, அதாவது 80 முதல் 90 பீட் உள்ள பாட்டை எடுத்து ஒரு பீட்டுக்கு இரண்டு அடி வைக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். 170 பீட் பாட்டுகள் பல சமயம் காதைக் குடையும். 85 பீட் பாட்டில் பாடகர் மூச்சு விட இடமிருக்கும், நமக்கும் இருக்கும்.

180 அடிதான் சரி என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் காலடியை ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தார். அதிலிருந்து பரவிய எண் அது. அங்கே ஓடியவர்கள் உலகத்தரத்து வேகக்காரர்கள். உங்கள் உயரம், உங்கள் வேகம் வேறு. முதலில் பாட்டில்லாமல் சாதாரணமாக ஓடி, வலது கால் 30 வினாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் எண். அதற்கு ஏற்ற பாட்டைத் தேடுங்கள். பாட்டுக்காக உங்கள் நடையை ஒரே நாளில் மாற்றாதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

பாட்டின் பீட்டை அறிய ஆப் கூட வேண்டாம். தொடையில் தட்டி 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

குத்துப் பாட்டைப் போட்டால் உற்சாகமாக இருக்கிறது, ஆனால் கால் தடுமாறுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இது நம் இசைக்கே உரிய சிக்கல். வெளியிலிருந்து வரும் ப்ளேலிஸ்ட் அறிவுரைகளில் இதற்கு விடை கிடைக்காது.

உலகம் முழுக்க ஓட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படும் பாட்டுகள் பெரும்பாலும் சதுஸ்ர நடை: தகதிமி, தகதிமி. நாலு நாலாகப் போகும். இரண்டு கால் உள்ள மனிதருக்கு அது சுலபம். நம் குத்துப் பாட்டில் பெரும்பாலானவை திஸ்ர நடை: தகிட, தகிட. மூன்று மூன்றாகப் போகும். பறையும் உறுமியும் பம்பையும் சேர்ந்து இடுப்பை ஆட்டுவது அந்த மூன்றால்தான்.

சரி, அதில் ஓடினால் என்ன ஆகிறது? ஒரு குத்துப் பாட்டின் முக்கியத் தட்டு, அதாவது ஒவ்வொரு 'த'வும், நிமிடத்துக்கு 120 முறை விழுகிறது என்று வையுங்கள். ஒரு 'த'வுக்கு ஓர் அடி வைத்தால் 120 அடி. அது வேக நடை, ஓட்டம் ஆகாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி என்றால் 360 அடி, யாராலும் முடியாது. ஆகவே கால் தானாக நடுவில் ஓர் இடம் தேடி, மூன்று எழுத்துக்குள் இரண்டு அடியைத் திணிக்கப் பார்க்கிறது. தடுமாற்றம் அங்கேதான் வருகிறது. உங்கள் காலில் குறையில்லை.

இதற்காகக் குத்துப் பாட்டை ஒதுக்க வேண்டியதில்லை, இடம் மாற்றி வைத்தால் போதும். வேக நடைக்கும் படிக்கட்டு ஏறுவதற்கும் ஸ்கிப்பிங்குக்கும் உட்கார்ந்து எழும் பயிற்சிக்கும் அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. 'த' ஒவ்வொன்றுக்கும் ஒரு குதி, ஒரு படி. ஓட்டத்துக்கே வேண்டுமென்றால், முக்கியத் தட்டு 155-க்கு மேல் விழும் அதிவேகக் குத்தைத் தேடிப் பிடியுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் சிலருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மெதுவான திஸ்ர நடைப் பாட்டை எடுங்கள், முக்கியத் தட்டு நிமிடத்துக்கு 55, 56 என்று விழுவதாக. இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி வைத்தால் 165, 168 அடி வரும், சுகமான ஓட்டம். அழுத்தம் விழும் 'த' ஒரு முறை வலது காலில் வரும், அடுத்த முறை இடது காலில் வரும். ஒரே காலில் பாரம் போட்டு ஓடும் பழக்கம் உள்ளவர்கள் இதில் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், இரண்டு காலும் விழித்துக்கொள்வது தெரியும்.

மூச்சையும் தாளத்தில் வைக்க முடியுமா?

முடியும், அதற்கு நம்மிடம் அருமையான கருவி இருக்கிறது. மூன்று அடிக்கு மூச்சு இழுத்து இரண்டு அடிக்கு விடும் முறையை அமெரிக்கப் பயிற்சியாளர் பட் கோட்ஸ் பரவலாக்கினார். மொத்தம் ஐந்து அடி என்பதால், மூச்சு விடத் தொடங்கும் அடி ஒவ்வொரு சுற்றிலும் கால் மாறி மாறி விழும்.

ஐந்து என்றால் நமக்குக் கண்ட நடை. 'தகிட' என்று மூச்சை இழுங்கள், 'தக' என்று விடுங்கள். எண்களை எண்ணுவதைவிட இது வாயில் சீக்கிரம் ஒட்டும். சின்ன வயதில் மிருதங்கமோ பரதமோ கொஞ்சம் கற்றவர்களுக்கு அன்றே வந்துவிடுகிறது. வேகம் கூடும்போது 'தகிட' கொள்ளாது. அப்போது இரண்டுக்கு இழுத்து ஒன்றுக்கு விடுங்கள், மறுபடியும் மூன்று. இதைப் பழகும் நாட்களில் இயர்போன் வேண்டாம். பாட்டில் ஒரு தாளம், மனசில் ஒரு தாளம் என்று இரண்டு ஓடினால் எதுவும் நிற்காது.

கோம், அமபியானோ இரண்டும் ஓட்டத்துக்கு ஆகுமா? வீட்டில் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆகும். கோம் இந்த ஊரின் சொந்த இசை. 2010-களின் தொடக்கத்தில் டர்பன் டவுன்ஷிப்களில் இளைஞர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உருவாக்கியது. பீட் 120-இலிருந்து 128-க்குள் இருக்கும். ஆனால் மற்ற ஹவுஸ் இசைபோல டம், டம், டம் என்று சீராக விழாது. உடைத்து உடைத்து, இடைவெளி விட்டு, கனமான பேஸோடு விழும். அந்த இடைவெளிதான் அதன் பலம். எடை தூக்கவும் கயிறு குதிக்கவும் மேட்டில் வேகமாக ஏறி நடந்து இறங்கி மறுபடி ஏறவும் பிரமாதமாக இருக்கும். சீரான நீண்ட ஓட்டத்துக்கு எனக்கு அது சரிப்படவில்லை. கால் சமமாகப் போக, இசை அடிக்கடி நிறுத்தி இழுக்கிறது.

உறுமி மேளத்தோடு வளர்ந்த காதுக்குக் கோம் அந்நியமாகவே படாது என்பது என் அபிப்பிராயம். அதே அடிவயிற்றுச் சத்தம், அதே பிடிவாதம்.

அமபியானோ ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து டவுன்ஷிப்களிலிருந்து வந்தது. 110-லிருந்து 115 பீட் வரை, நிதானமானது. உடம்பு சூடேற்றும் முதல் பத்து நிமிடத்துக்கும், ஓடி முடித்து மூச்சு வாங்கி நடக்கும் கடைசிப் பத்து நிமிடத்துக்கும் வையுங்கள். நடுவில் வைத்தால் உங்களை அறியாமலே வேகம் குறையும்.

ஜிம்மில் எடை தூக்குவதற்கு எப்படிப் பாட்டு தேர்வது?

எடை தூக்கும்போது பீட்டோடு சேர்த்துத் தூக்கப் பார்க்க வேண்டாம், கனமான எடையில் அது ஆபத்து. தூக்குவதற்கு முந்தைய அரை நிமிடம்தான் பாட்டின் நேரம். பல்லவி ஏறும் இடத்தில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், பிறகு பாட்டை மறந்து தூக்குங்கள்.

லேசான எடையில் நிறைய முறை செய்வது வேறு விஷயம். அதற்கு நம் முன்னோர் ஏற்றப்பாட்டு வைத்திருந்தார்கள். கிணற்றிலிருந்து ஏற்றத்தில் நீர் இறைக்கும்போது ஒருவர் பாட, மற்றவர் வாங்கிப் பாடுவார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டிலேயே வந்துவிடும். ஜிம்மில் இரண்டு பேராகப் பயிற்சி செய்தால் இதைச் செய்து பாருங்கள்: ஒருவர் எண்ணைப் பாட்டாகச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லித் தூக்க வேண்டும். பன்னிரண்டாவது முறையில் கை நடுங்கும்போது எதிராளியின் குரல் தரும் பலத்தை எந்த ஸ்பீக்கரும் தராது.

கோயில் மேளம், காவடிப் பாட்டு போட்டு ஓடலாமா? பெரியவர்கள் தப்பென்று சொல்கிறார்களே.

பெரியவர்கள் மனம் நோகும் என்றால் வீட்டுக்கு வெளியே, உங்கள் காதுக்கு மட்டும் கேளுங்கள். என் மனசுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. காவடிச் சிந்தே நடந்துகொண்டு பாடுவதற்கு எழுந்த வடிவம்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியவற்றைக் கேளுங்கள், கால் சும்மா இருக்காது. வழிநடைச் சிந்து என்று ஒரு வகையே தமிழில் உண்டு. தூரம் நடக்கிறவர்கள் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடியது.

இங்கே தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களையும், ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தையும் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மேளம் முதலிலேயே உச்சத்துக்குப் போகாது. நிதானமாகத் தொடங்கி, நடப்பவர்களின் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏறும். வெறுங்காலில், வெயிலில், தோளில் பாரத்தோடு போகிறவர்களை மணிக்கணக்கில் நடத்திச் செல்லும் அந்த மேளக்காரர்களுக்குத் தெரிந்தது நம் ப்ளேலிஸ்டுக்கும் வேண்டும்.

அப்படியானால் ப்ளேலிஸ்டை எப்படி அடுக்குவது?

45 நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் எட்டுப் பத்து நிமிடம் 110 பீட்டுக்குப் பக்கத்தில், நடையும் மெல்லோட்டமுமாக. அப்புறம் உங்கள் காலடிக்குப் பொருந்தும் பாட்டுகள் இருபது நிமிடம், ஒன்றுக்கொன்று பீட்டில் பெரிய வித்தியாசம் இல்லாமல். உங்களுக்கு உயிரான பாட்டு எதுவோ, அதை முப்பதாவது நிமிடத்துக்கு மேல் வையுங்கள். தொடக்கத்திலேயே அதைப் போட்டால் முதல் கிலோமீட்டரைத் தலைதெறிக்க ஓடிவிட்டு நாலாவதில் நிற்பீர்கள். கடைசிப் பத்து நிமிடம் மெலடி, நிதானமான நடை.

நம் சினிமாப் பாட்டில் ஒரு தொல்லை, நடுவில் இடையிசை திடீரென்று வயலினும் புல்லாங்குழலுமாக இறங்கிவிடும். வீட்டில் கேட்கும்போது அழகு, ஓடும்போது பள்ளம். சேர்ப்பதற்கு முன் பாட்டை முழுக்க ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

மாதக்கணக்கில் ஒரே வரிசையைக் கேட்டால் எந்தப் பாட்டும் சக்தி இழக்கும். பிடித்த பாட்டைச் சில வாரம் ஓய்வுக்கு அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள்.

வரிகள் முக்கியமா, தாளம் மட்டும் போதுமா?

தாளம் காலுக்கு, வரி மனசுக்கு. களைத்த நேரத்தில் தாய்மொழியில் வரும் ஒரு நல்ல வரி செய்யும் வேலை பெரிது. இங்கே பிறந்த இளையவர்கள் சிலருக்குத் தமிழ் முழுக்கப் புரியாது. ஆனாலும் பாட்டி பாடிய பாட்டு என்றால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: பெண்களை இழிவாகப் பேசும் பாட்டுகளைக் கூட்டத்தில் போட வேண்டாம். நம்மோடு பெண்களும் பிள்ளைகளும் ஓடுகிறார்கள்.

பந்தயத்தில் இயர்போன் போடலாமா?

சேரும் முன் அந்தப் பந்தயத்தின் விதியைப் படியுங்கள். தென்னாப்பிரிக்கச் சாலை ஓட்டங்கள் பலவற்றின் அறிவிப்பிலேயே காதில் இசை கூடாது என்று எழுதியிருக்கும். உலகத் தடகள விதிகளும் போட்டிக் களத்துக்குள் இசைக் கருவியை உதவியாகத்தான் கருதுகின்றன. சனிக்கிழமை காலை 8 மணிக்கு நார்த் பீச்சில் நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன் ஒரு பந்தயம் அல்ல, இலவச ஓட்டம், யாரும் வரலாம். அங்கும் தன்னார்வலர்கள் பேசும்போது காதைத் திறந்து வையுங்கள்.

காம்ரேட்ஸ் ஓட ஆசை. அத்தனை மணி நேரம் பாட்டில்லாமல் எப்படி?

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேர வரம்பு. கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்ச்சங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய மேடுகள். 1921-இல் முதல் ஓட்டத்தில் தொடங்கியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர்தான். இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள்.

அங்கே இசை காதுக்குள்ளிருந்து வராது, சுற்றியிருக்கிறவர்களிடமிருந்து வரும். தொடக்கக் கோட்டில் தேசிய கீதத்துக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து 'ஷோஷோலோசா' பாடுவார்கள். சுரங்க வேலைக்கு ரயிலில் வந்த புலம்பெயர் தொழிலாளர்களின் பாட்டு அது. ஒருவர் எடுக்க, கூட்டம் வாங்கும். அந்த இருட்டில் ஆயிரம் குரல் நடுவே நிற்க வேண்டும் என்பதற்காகவே சிலர் பயிற்சி எடுக்கிறார்கள் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பயிற்சிக்கு என் யோசனை: வாரத்தின் நீண்ட ஓட்டத்தைப் பாட்டில்லாமல் ஓடுங்கள், பக்கத்தில் பேச ஓர் ஆளோடு. மேடு ஏறும்போது மெதுவாக வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ஒரு வரியை முழுக்கப் பாட முடியவில்லை என்றால் வேகம் அதிகம், நடக்கத் தொடங்குங்கள்.

ரோட்டில் தனியாக ஓடும்போது?

இயர்போனைக் கழற்றிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே வண்டிகள் இடது பக்கம் போகின்றன. நீங்கள் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். மினிபஸ் டாக்சி எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. ஹாரன் சத்தம் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும். பின்னால் வரும் காலடியும் கேட்க வேண்டும். போன் பறிப்பு நடக்கும் ஊர் இது. விடிவதற்கு முன் தனியாக வேண்டாம், பெண்கள் ஆண்கள் இருவருக்கும்தான் சொல்கிறேன். கூட்டமாக ஓடும்போது வேண்டுமானால் ஒரு காதில் மட்டும், அல்லது காதை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி தரும் வகை ஹெட்போன். அதிலும் சத்தம் குறைவாக.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட இந்த நேரம் வேகமாகச் சுருங்கும். போனில் 60 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கடல் அலையும் காற்றும் இரைகிறதே என்று கூட்டிக்கொண்டே போனால் செலவாவது உங்கள் காதுதான். ஓடி முடித்த பிறகு காதில் 'ங்' என்று ஒலித்தால் அன்று சத்தம் அதிகம்.

அம்மாவுக்கு 65 வயது. நடைக்குப் பக்திப் பாட்டு போதுமா?

தாராளமாக. அவருக்குப் பிடித்ததுதான் அவருக்கு வேகமான பாட்டு. 100 முதல் 115 தட்டுக்குள் இருக்கும் பஜனைப் பாட்டுகள் நடைக்குச் சரியாக அமையும்.

ஜோகனஸ்பர்க் போனேன், அதே பாட்டில் ஓட முடியவில்லை.

அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிது. முதல் இரண்டு வாரம் காலடிக்குச் சேர்த்த பாட்டுகளை விட்டுவிட்டு, பின்னணிக்கு மட்டும் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்துக்கும் இதே பதில்தான்.

எனக்குப் பிடித்த பாட்டு 156 பீட், என் காலடி 164. என்ன செய்வது?

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் ஆப்கள் இருக்கின்றன. ஐந்து சதவீதம் கூட்டினால் காதுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 156-ஐ ஐந்து சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 164 வந்துவிடும். பத்து சதவீதம் போனால் பாடகரின் குரல் அவசரப்படுவது தெரியும், உறுமியின் இழுப்பும் கெட்டுப்போகும். அப்போது வேறு பாட்டு பாருங்கள். மாற்றிய பாட்டை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே டேட்டா வீணாகாது.